விழுந்த மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடாதீர்கள்
கன்று ஈன்ற பசுவின் இரத்தத்தில் நடப்பது என்ன?





நமது அறக்கட்டளை ஜகாத் நிதியிலிருந்து வழங்கும் சுயதொழில் உதவிகளில் தையல் இயந்திரத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் கேட்பது கறவை மாடு. கணவரை இழந்த சகோதரிகளும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் வெளி வேலைக்குப் போக முடியாத பெண்களும் வீட்டோடு இருந்தபடியே நாலு காசு பார்க்க இது நல்ல வழி. காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றினால் வாரக் கணக்கில் பணம் வந்துவிடும். பிள்ளைகளுக்கும் ஒரு டம்ளர் பால் மிஞ்சும்.

இந்த உதவியில் ஓர் இழப்பு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கன்று போடும்வரை மாடு நன்றாகத்தான் இருக்கிறது. கன்று போட்ட அன்றோ மறுநாளோ தள்ளாடுகிறது, படுத்துவிடுகிறது, எழுப்பினாலும் எழவில்லை. பெரும்பாலும் இது இரவில் நடக்கிறது. விடிவதற்குள் யாரோ ஒருவர் "இது தேறாது, இருக்கும்போதே தள்ளிவிடுங்கள்" என்கிறார். தரகர் வந்து நிற்கிறார். பால்மாடாக வாங்கியது அடிமாட்டு விலைக்குப் போகிறது. ஒரு குடும்பத்தின் பல வருட ரிஜ்க்குக்கு வழியாக இருந்தது ஒரே இரவில் கைவிட்டுப் போகிறது.

ஜகாத்தாகக் கொடுத்த பிறகு மாடு அந்தச் சகோதரியின் முழு உடைமை. விற்பதும் வைத்துக்கொள்வதும் அவருடைய உரிமை. அதில் அறக்கட்டளை தலையிட முடியாது. ஆனால் தெரிந்து முடிவெடுப்பதற்கும் பயத்தில் முடிவெடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இப்படி விழும் மாடுகளில் பலவற்றுக்கு உடம்பில் புண்ணோ கிருமியோ இல்லை. இரத்தத்தில் ஒரு சத்து திடீரென்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். உரிய நேரத்தில் அதை ஏற்றிவிட்டால் மாடு எழுந்து நிற்கும். அதை எல்லோரும் புரிந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பாலுக்கு மூலம் இரத்தம்

கால்நடைகளின் வயிற்றில் சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து தூய பால் கிடைப்பதை அல்லாஹ் ஸூரத்துந் நஹ்லின் 66ஆவது வசனத்தில் ஒரு படிப்பினையாக எடுத்துச் சொல்கிறான். மாட்டுக்குத் தீவனம் போடும் ஒவ்வொருவரும் அந்த வசனத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். மாடு தின்றது நேராக மடிக்குப் போவதில்லை. செரித்த சத்து முதலில் இரத்தத்தில் சேர்கிறது. மடி அந்த இரத்தத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துப் பாலாக்குகிறது. ஒரு லிட்டர் பால் உண்டாக ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியாக ஓட வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து லிட்டர் கறக்கும் மாடு என்றால் ஒரு நாளைக்கு 4,000 லிட்டருக்கும் மேல். ஒரே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

ஆகவே பால் திடீரென்று பெருகும்போது இரத்தத்திலுள்ள சத்தும் திடீரென்று குறையும். ஆபத்தான காலம் கன்று ஈனுவதற்கு முந்திய மூன்று வாரமும் பிந்திய மூன்று வாரமும். இந்த ஆறு வாரத்தைக் கவனமாகக் கடந்துவிட்டால் அந்த ஈற்றின் பெரிய கண்டம் கடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பால்காய்ச்சல்: காய்ச்சலே இல்லாத காய்ச்சல்

மாடு படுத்துவிடுவதற்கு முதல் காரணம் பால்காய்ச்சல். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இதில் உடம்பு சுடாது. காதும் காலும் சில்லென்று இருக்கும். குறைந்திருப்பது இரத்தத்திலுள்ள கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து.

நல்ல நிலையிலுள்ள பசுவின் இரத்தத்தில், சீரம் எனப்படும் இரத்தநீர் 100 மில்லிக்கு 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கும். மாட்டின் மொத்த இரத்தநீரையும் கணக்கிட்டால் ஒரு நேரத்தில் சுமார் 3 கிராம்தான். ஆனால் ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2.3 கிராம் கால்சியம் போகிறது. முதல் நாளில் எட்டு லிட்டர் சீம்பால் சுரந்தால் 18 கிராம். அதாவது இரத்தத்தில் இருப்பதைப் போல ஆறு மடங்கு ஒரே நாளில் வெளியேறுகிறது.

மாட்டின் எலும்பில் கிலோ கணக்கில் கால்சியம் இருக்கிறதே, அது என்ன ஆயிற்று என்று கேட்கலாம். எலும்பு வங்கி என்றால் இரத்தம் கையிலிருக்கும் பணம். வங்கியில் எவ்வளவு இருந்தாலும், திறந்து எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிதான் அந்த ஆள். பால் வற்றிய இரண்டு மாதமும் கால்சியம் தேவை குறைவு என்பதால் அது வேலையில்லாமல் இருந்திருக்கும். அது முழுவீச்சில் இயங்கி எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் கால்சியத்தை வரவழைக்க ஓரிரு நாள் பிடிக்கும். அதற்குள் கைப்பணம் தீர்ந்துவிட்டால் மாடு விழுந்துவிடும்.

கால்சியம் 8 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே உள்ளுக்குள் பாதிப்பு தொடங்கிவிடும். ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. 5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கும்போது மாடு படுத்துவிடும். தசைகள் சுருங்கி விரிய கால்சியம் வேண்டும் என்பதால் கால் தசை மட்டுமல்ல, வயிறு, கருப்பை, இதயம் எல்லாமே தளர்கின்றன. சாணி போடாது, அசை போடாது, வயிறு உப்பும். முதலில் தலை நடுங்கும், பின்னங்கால் பின்னும். அடுத்து மாடு நெஞ்சு தரையில் படும்படி படுத்து, கழுத்தை மடக்கித் தலையை விலாப் பக்கம் வைத்துக்கொள்ளும். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து நினைவிழக்கும். பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் இவை நடந்துவிடும்.

மூன்றாவது ஈற்றுக்கு மேல் போன மாடுகளுக்கும், அதிகம் கறக்கும் மாடுகளுக்கும் இது அதிகம் வருகிறது. ஜெர்சி இனத்துக்கு மற்ற இனங்களைவிடக் கூடுதல் வாய்ப்பு. நம் தமிழகத்தின் சமவெளிப் பகுதிகளில் வளர்ப்பது பெரும்பாலும் ஜெர்சி கலப்பினம் என்பதால் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பால்காய்ச்சல் கண்ட மாடுகளில் பெரும்பகுதி செத்துக்கொண்டிருந்தது. 1897இல் டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஸ்மிட் என்பவர் மடிக்குள் மருந்தைச் செலுத்திப் பல மாடுகளைப் பிழைக்க வைத்தார். சில ஆண்டுகளில் மருந்துக்குப் பதில் வெறும் காற்றை மடிக்குள் ஏற்றினாலே மாடு எழுவதைக் கண்டார்கள். மடி காற்றால் நிறைந்தபோது பால் சுரப்பது நின்றது. இரத்தத்திலிருந்து கால்சியம் வெளியேறுவதும் நின்றது. அதுதான் காரணம் என்பது 1920களில் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த பிறகே விளங்கியது. இப்போது யாரும் காற்று ஏற்றுவதில்லை. கால்சியம் போரோகுளுக்கோனேட் என்னும் மருந்தை நேராக இரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். மருந்து ஏறும்போதே மாடு ஏப்பம் விடும், சிறுநீர் கழிக்கும், சாணி போடும். பல மாடுகள் ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும்.

இந்த மருந்தை மெதுவாக, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். எனவே பாட்டிலைக் கடையில் வாங்கிவந்து, "எனக்குப் போடத் தெரியும்" என்று சொல்பவரிடம் மாட்டை ஒப்படைக்காதீர்கள். கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும்.

கீட்டோசிஸ்: வயிறு நிறைந்தும் பட்டினி

இரண்டாவது கோளாறு சற்றுத் தாமதமாக, கன்று ஈன்று இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் வருவது. இதில் குறைவது இரத்தத்திலுள்ள சர்க்கரை.

நம் வீடுகளில் சர்க்கரை பார்க்காதவர்கள் குறைவு. வெறும் வயிற்றில் மனிதருக்கு 70 முதல் 100 இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டுக்கு இயல்பே சுமார் 45 முதல் 75தான். அது தின்னும் தீவனத்தை முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றிலிருந்து கல்லீரல் தேவையான சர்க்கரையைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பாலின் இனிப்புக்குக் காரணமான லாக்டோஸ் இந்தச் சர்க்கரையிலிருந்துதான் உண்டாகிறது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 70 கிராம் சர்க்கரை செலவாகிறது.

கன்று ஈன்றதும் பால் வேகமாகக் கூடுகிறது. ஆனால் மாடு தின்னும் அளவு அந்த வேகத்தில் கூடுவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. ஓரளவு வரை இது இயல்பானதுதான். அளவு மீறினால், காற்று போதாத அடுப்பில் விறகைத் திணித்தால் புகைவது போல, கொழுப்பு முழுமையாக எரியாமல் கீட்டோன் என்னும் பொருளாக இரத்தத்தில் தேங்குகிறது. எரியாத கொழுப்பு கல்லீரலிலேயே படிகிறது. பால் வற்றிய காலத்தில் கொழுத்துப்போன மாடுகளுக்குத்தான் இது அதிகம்.

அறிகுறிகளை வீட்டிலிருப்பவர்களே கண்டுபிடிக்கலாம். மாடு முதலில் தவிடு, பிண்ணாக்கு, கலப்புத் தீவனத்தை ஒதுக்கும். வைக்கோலை மட்டும் கடிக்கும். பால் இறங்கும். சில நாளிலேயே இடுப்பெலும்பு தெரிய மெலியும். சாணி கெட்டியாக இருக்கும். மூச்சிலும் பாலிலும் ஒரு வகை இனிப்பு கலந்த நெடி வரும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை என்றால் பெண்களுக்கு உடனே புரியும். சில மாடுகள் சுவரையும் தன் உடம்பையும் ஓயாமல் நக்கும், வட்டமடிக்கும், வெறித்துப் பார்க்கும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று தாயத்துக் கட்டப் போகிறவர்களும் உண்டு. துஆ செய்யுங்கள், அதோடு மருத்துவரையும் அழையுங்கள்.

சோதனை எளிது. சிறுநீரில் நனைக்கும் பட்டையின் நிறம் மாறுவதை வைத்தே கீட்டோனைக் கண்டறியலாம். மனிதருக்குப் பயன்படும் கீட்டோன் மீட்டரில் மாட்டின் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்தும் பார்க்கிறார்கள். லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் வெளியே தெரியாத கீட்டோசிஸ் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வெல்லம் கரைத்து ஊற்றினால் சர்க்கரை ஏறாதா என்று கேட்கிறார்கள். வெல்லத்தையும் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துவிடும். அது சர்க்கரையாக இரத்தத்துக்குப் போய்ச் சேராது. அதனால்தான் மருத்துவர் குளுக்கோஸை நேராக இரத்தக்குழாயில் ஏற்றுகிறார். பிறகு கல்லீரல் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளக்கூடிய புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவத்தைச் சில நாள் வாய்வழி கொடுக்கச் சொல்கிறார்.

வலீமா சோறும் மாட்டின் இரத்தமும்

மூன்றாவது கோளாறில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. நிக்காஹ் வலீமா முடிந்ததும் மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் மாடு வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு வாளி வாளியாகக் கொடுத்துவிடுகிறோம். பசித்த மாடு அதை ஆவலாகத் தின்றுவிடும்.

சோற்றிலுள்ள மாவுச்சத்து முதல் வயிற்றில் மிக வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அந்த அமிலம் இரத்தத்தில் கலந்து இரத்தத்தைப் புளிப்பாக்குகிறது. அதோடு உடம்பிலுள்ள தண்ணீரை வயிறு இழுத்துக்கொள்வதால் இரத்தம் கெட்டியாகிறது. மாடு தீவனம் எடுக்காது, வயிறு தண்ணீர் நிறைந்த பை போலக் குலுங்கும், புளித்த வாடையுடன் கழியும், கண் குழி விழும், தள்ளாடி விழும். பார்ப்பதற்குப் பால்காய்ச்சல் போலவே இருக்கும். ஆனால் சிகிச்சை வேறு. மருத்துவர் வந்ததும் "நேற்று விருந்துச் சோறு தின்றது" என்பதை மறைக்காமல் முதலில் சொல்லுங்கள். தாமதித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

மிஞ்சிய உணவை மனிதர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதே சிறப்பு. மாட்டுக்குச் சோற்றை மொத்தமாகக் கொட்டுவது ஸதகா ஆகாது.

சிறுநீர் காப்பி நிறத்தில் போனால்

கன்று ஈன்று சில வாரங்கள் கழித்துச் சில மாடுகளும், அவற்றைவிட அதிகமாக எருமைகளும், காப்பி டிகாஷன் நிறத்தில் சிறுநீர் கழிக்கும். இரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்தால் சிவப்பணுக்கள் வலுவிழந்து உடைகின்றன. உடைந்த அணுக்களின் நிறம்தான் சிறுநீரில் வருகிறது. மாட்டுக்கு இரத்தசோகை வந்து கண்ணின் உள்பகுதி வெளுத்துப்போகும். உண்ணிகளால் பரவும் ஒரு காய்ச்சலிலும் இதே நிறத்தில் சிறுநீர் வரும். அதில் உடம்பு சுடும். இரண்டையும் இரத்தச் சோதனையில்தான் பிரித்தறிய முடியும். எனவே நிறம் மாறிய அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாடு விழுந்துவிட்டால்

1. உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். கன்று ஈன்று எத்தனை நாள், எத்தனையாவது ஈற்று, என்ன தின்றது என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

2. மாட்டைப் பக்கவாட்டில் சாய விடாதீர்கள். வயிறு உப்பி மூச்சு முட்டிவிடும். வைக்கோல் அடைத்த சாக்குகளை இருபுறமும் முட்டுக்கொடுத்து நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள்.

3. சிமென்ட் தரையில் கிடந்தால் அடியில் மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்புங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் உடம்பின் பாரத்தில் தொடைத் தசை நசுங்கிச் சிதைந்துவிடும். பிறகு கால்சியம் சரியானாலும் எழ முடியாது. மாடு பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

4. மூங்கில் குழாயில் எண்ணெய், கஷாயம், கஞ்சி என்று எதையும் புகட்டாதீர்கள். தொண்டைத் தசையும் தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குப் போய்விடும். பால்காய்ச்சலுக்குத் தப்பிய மாடு இதனால் சாவதுண்டு.

5. வாலை முறுக்குவதும் அடித்து எழுப்புவதும் வேண்டாம். அது பிடிவாதத்தில் படுத்திருக்கவில்லை. அதனால் எழ முடியவில்லை.

6. எழுந்த பிறகும் இரண்டு நாள் கண் வையுங்கள். சில மாடுகள் மறுபடி விழும். மடியை ஒட்டக் கறக்க வேண்டாம். எவ்வளவு கறக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

விழாமலே காப்பது எப்படி?

இரத்தத்தில் வெளியே தெரியாமல் நடக்கும் குறைதான் விழுந்த மாட்டைவிட அதிக நஷ்டம் தருகிறது. கால்சியம் சற்றே குறைந்த மாட்டின் கருப்பை தளர்ந்து நஞ்சுக்கொடி விழாமல் தங்கும். காம்பின் வாய் சரியாக மூடாமல் மடிநோய் வரும். கீட்டோன் தேங்கிய மாடு காலத்தில் பருவத்துக்கு வராது, சினை தள்ளிப்போகும். இவற்றைத் தனித்தனி நோயாக நினைத்து ஆண்டு முழுவதும் செலவு செய்கிறோம். ஆனால் வேர் கன்று ஈன்ற வாரத்தில் இருக்கிறது.

சினை ஏழு மாதம் முடிந்ததும் பாலை வற்ற வையுங்கள். மாட்டுக்கு இரண்டு மாத ஓய்வு வேண்டும். இந்தக் காலத்தில் பட்டினி போடவும் வேண்டாம், கொழுக்க வைக்கவும் வேண்டாம். பால் தராத மாட்டுக்குத் தீவனம் எதற்கு என்று குறைப்பவர்கள் உண்டு. கால்நடையைப் பட்டினி போடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசி மூன்று வாரத்தில் பலரும் செய்யும் காரியம், பிரசவத்துக்குத் தெம்பு வேண்டும் என்று கால்சியம் டானிக்கை ஊற்றுவது. இது தலைகீழான வேலை. வெளியிலிருந்து தாராளமாகக் கால்சியம் வந்தால் கழுத்துச் சுரப்பி இன்னும் சோம்பிப்போகும். கன்று ஈன்ற அன்று அது எழுந்திருக்காது. அகத்தி, வேலிமசால், குதிரைமசால் போன்ற சுண்ணாம்புச் சத்து மிகுந்த தழைகளையும் இந்த மூன்று வாரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். கன்று ஈன்ற பிறகு எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை பால்காய்ச்சல் கண்ட மாடு என்றால் ஈனும் தேதிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். நிற்கும் நிலையிலுள்ள மாட்டுக்குக் கன்று ஈன்றதும் வாய்வழி கொடுக்கும் கால்சியம் ஜெல்லை அவர் பரிந்துரைக்கலாம்.

அடர்தீவனத்தை ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே சிறிது சிறிதாகத் தொடங்கி, ஈன்ற பிறகு பாலுக்கு ஏற்றாற்போல் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் இரட்டிப்பாக்க வேண்டாம். கறவைக் காலம் முழுவதும் தாது உப்புக் கலவை கொடுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இதைத் தயாரித்து விற்கிறது. அளவை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டின் இரத்தத்தைச் சோதித்து அதன் தீவனக் குறையைக் கண்டுபிடிக்கும் முறையை 1970இல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில் வகுத்தார்கள். பெரிய பண்ணைகளுக்கு மட்டுமே உரியது என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டங்களிலும் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. மாடு அடிக்கடி சுணங்கினால் இரத்த மாதிரி அனுப்பிப் பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அறக்கட்டளையின் வேண்டுகோள்

நம்மிடம் மாடு பெற்ற குடும்பத்தினர் சினை ஏழாம் மாதம் முடிந்ததும் அலுவலகத்தில் ஈனும் தேதியைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த வாரத்தில் நம் தன்னார்வ இளைஞர்கள் வந்து பார்ப்பார்கள். இரவில் மருத்துவரை அழைத்துவர வண்டி தேவைப்பட்டால் ஏற்பாடு செய்வார்கள், இன்ஷா அல்லாஹ். அறக்கட்டளையில் மாடு பெறாதவர்களும், மாற்று மதச் சகோதரர்களும்கூட இந்த உதவியைக் கேட்கலாம். வாயில்லா ஜீவனுக்கு உதவுவதில் நம்மவர், பிறர் என்ற வித்தியாசம் இல்லை.

பக்கத்து வீட்டு மாடு விழுந்தால் தரகருக்குப் போன் செய்யும் முன் மருத்துவருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். ஓர் ஏழைச் சகோதரியின் மாட்டைக் காப்பாற்றினால் அவர் பிள்ளைகளின் படிப்பையும் அடுப்பையும் காப்பாற்றியவர் ஆவீர்கள். நம் கையிலுள்ள அமானிதங்களைப் பேணிக் காக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்